இணைப்பு எண் மூன்று

காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிறது குணசுந்தரியின் ஜெராக்ஸ் கடை. பலகையில் ஏதோ சாமி பெயர் எழுதியிருக்கும். யார் படித்தார்கள்? திருவொற்றியூர் முழுக்க அதற்கு ‘மனு அக்கா கடை’ என்றுதான் பெயர். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போச்சா, பட்டாவில் அப்பன் பெயர் தப்பாக விழுந்துவிட்டதா, தண்ணி லாரி பத்து நாளாகத் தெருவை எட்டிப் பார்க்கவில்லையா, மனு அக்காவிடம் போ. அவள் எழுதிய மனுவைக் குமாஸ்தாக்கள் படிப்பதற்கு முன்னால் கையில் தூக்கி எடை பார்ப்பார்கள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. கேலி என்ன கேலி, நிஜம்தான். அவள் மனு கனக்கும்.

கனமெல்லாம் இணைப்பில் இருந்தது. மனு ஒரு பக்கம்தான் வரும். அதன் பின்னால் இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று போட்டோ, ரசீது, எக்ஸ்ரே, பேப்பர் துண்டு என எல்லாம் வரிசையாகக் குத்தியிருக்கும். “ஆதாரம் இல்லாத மனு, மீனு இல்லாத கொயம்பு. மோந்து பாத்துட்டு வெச்சிடுவானுங்க” என்பாள். கடைக்கு வருகிறவர்கள் ஒரு ஜெராக்ஸ் கேட்டால் அவள் கை தானாக இரண்டு போடும். இரண்டாவதற்குக் காசு வாங்க மாட்டாள். “கைல ஒண்ணு இருக்கட்டும், எப்பனா ஒதவும்.”

இந்தப் பைத்தியம் அவளுக்குச் சும்மா பிடிக்கவில்லை. எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். அப்பா தேசப்பன் ஆற்றில் இறங்கி இறால் தடவியவர். ஆற்றில் சாம்பலும் எண்ணெயும் கலந்து, அவர் கால் இரண்டும் முழங்கால் வரைக்கும் வெந்த தோல் மாதிரி ஆகிவிட்டது. இருபத்திரண்டு வயதுக் குணசுந்தரி பத்தாம் வகுப்புக் கையெழுத்தில் அழகாக ஒரு மனு எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. இரண்டாவது மனுவோடு ஒரு பாட்டிலில் ஆற்றுத் தண்ணி, தார் ஒட்டின வலைத்துண்டு, அப்பாவின் கால் போட்டோ எல்லாவற்றையும் சணல் கயிற்றில் கட்டிக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். பாட்டிலைத் திறந்ததும் அந்த ஆபீஸே மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடியது. ஒரே வாரத்தில் குப்பத்துக்கு ஜீப் வந்தது. அப்பா கால் கடைசிவரை ஆறவில்லை, அது வேறு கதை. ஆனால் அவளுக்குப் பாடம் ஏறிவிட்டது: எல்லாவற்றையும் காட்டு. எல்லாருக்கும் காட்டு. அன்றிலிருந்து மனுவின் அடியில் ‘நகல்’ என்று போட்டு நீளமாக ஒரு பட்டியலும் எழுத ஆரம்பித்தாள். ஒரு அதிகாரி அமுக்கினால் இன்னொருத்தர் கையில் அது இருக்கும் அல்லவா.

முப்பது வருடம் இந்தப் பாடம் அவளுக்குச் சோறு போட்டது, மரியாதையும் வாங்கிக் கொடுத்தது. அதே பாடம் ஒருத்தன் குடியைக் கெடுக்கும் என்று எந்த ஜோசியக்காரனும் சொல்லவில்லை.

அந்த ஒருத்தன் அம்புரோஸ். ராயபுரத்துக்காரன், நாற்பத்து நான்கு வயது. எர்ணாவூர் தாண்டி ஒரு தனியார் யார்டில், கன்டெய்னர்களைத் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் ராட்சத வண்டி ஓட்டுகிறவன். பத்தொன்பது வருடத்தில் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போட்டதில்லை. போன வருஷம் ஒருநாள் மத்தியானம், கையில் ஒரு தாளோடு கடை வாசலில் வந்து நின்றான். நெற்றியில் இரண்டு சிவப்புத் தடம்.

“இன்னா அம்புரோசு, மூட்டப்பூச்சி கடிச்சிச்சா?”

“மூட்டப்பூச்சி இல்லகா, பட்டை. கம்பெனிக்காரன் போட்ட பட்டை.”

ஹெல்மெட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர்ப் பட்டை. நெற்றியில் இரண்டு இடத்தில் ஒட்டிக்கொண்டு மூளையில் ஓடும் மின்சாரத்தைப் படிக்கும். ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வந்தால் கத்தும். “உங்க உயிருக்காகத்தான்” என்று மேனேஜர் சொன்னார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆரம்பத்தில் ஒரே சிரிப்பு. பட்டை என்றால் எங்கள் ஊரில் நெற்றியில் பூசும் திருநீறும்தான், உள்ளே ஊற்றும் சாராயமும்தான். “எங்க கோயில்ல வருசத்துல ஒரே நாளு, சாம்பல் புதனுக்குத்தான் நெத்தில வெப்பாங்க. இவனுங்க டெய்லி பட்டை போடுறானுங்க” என்று அம்புரோஸே சொல்லிச் சிரித்திருக்கிறான். பட்டைக்குப் பின்னால் நாமம் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சத்தம் போட்ட பட்டை பிறகு மார்க் போட ஆரம்பித்தது. சனிக்கிழமை தோறும் பலகையில் ஒட்டினார்கள், யார் கவனம் எத்தனை மார்க் என்று. மார்க் குறைந்தவனுக்கு ஷிப்டு குறைந்தது. அதற்கும் பிறகு இந்தத் தாள், மெமோ.

குணசுந்தரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ‘கடந்த செவ்வாய்க்கிழமை முற்பகல் 11.10 முதல் 11.14 வரை தங்கள் கவனம் பணியில் இல்லை என்று தெரியவருகிறது. மேற்படி நேரத்தில் தங்கள் எண்ணம் எங்கிருந்தது என்பதை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவும்.’ கீழே ஆதாரம் என்று, கோடு கோடாக அச்சடித்த தாள்கள். ஈர மணலில் நண்டு ஓடின தடம் மாதிரி மேலும் கீழும் இழுத்திருந்தது.

“அடப்பாவிங்களா!” அவள் குரல் மாவு மில்லையும் தாண்டிக் கேட்டது. “நெனப்புக்கு மெமோவா? வண்டி எங்கனா இடிச்சிச்சா?”

“இல்லகா. பொட்டி ஒயுங்காதான் ஒக்காந்துச்சு.”

“அப்புறம் இன்னாத்துக்கு?” என்றவள், வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டாள். “ஆமா, அப்பிடி இன்னாதான் நெனச்சுகினு இருந்தே?”

அம்புரோஸ் மில்லுக்குள் பறக்கும் மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது என்னுதுகா” என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. கம்பெனிக்காரன் கேட்ட அதே கேள்வியைத் தானும் கேட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்த இரண்டு வார்த்தை அவளை விடவில்லை. அம்புரோஸை மாதிரியே மெமோ வாங்கின பதினாறு பேரை ஒரு வாரத்தில் தேடிப் பிடித்தாள்.

இந்த வேலைக்கென்றே சில பேர் இருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மண்ணடியிலிருந்து தஸ்னீம் என்று ஒரு வக்கீல் பெண் வந்தாள், முப்பது வயதுகூட இருக்காது. மூளையைப் படிக்கும் கருவிகள் வந்துகொண்டே இருக்கின்றன, சட்டம் அதற்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது, அதற்குள் தொழிலாளியின் தலை கம்பெனி சொத்தாகிவிடக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசுகிற சின்னக் கூட்டம் அவளுடையது. ராயபுரம் சங்கக் கட்டிடத்தில் பேச வைத்தார்கள். “மன அந்தரங்கம் உங்க அடிப்படை உரிமை” என்று ஆரம்பித்தாள். பின்வரிசையில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். உடனே அரங்கமே சிரித்தது. அந்தரங்கம் என்றால் நம் ஆட்களுக்கு வாரப் பத்திரிகையில் டாக்டர் பதில் சொல்கிற பக்கம்தான் ஞாபகம் வரும். தஸ்னீம் முகம் சிவந்து நின்றாள்.

குணசுந்தரிதான் எழுந்தாள். “இன்னாடா சிரிப்பு? அம்புரோசு என்னாண்ட ஒரு வார்த்த சொன்னான். நெனப்பு என்னுதுன்னான். அத்தத்தான் அந்தப் பொண்ணு சொல்லிகினு கீது. உன் நெனப்பு உன்னுதா, கம்பெனிதா?” சிரிப்பு அடங்கிப்போனது. மனுவின் தலைப்பும் அதுதான் ஆனது: ‘நினைப்பு எங்களது.’

மனு எழுதுகிற நாளில் தஸ்னீம் போன் செய்தாள். “அக்கா, அந்தக் கோடு போட்ட தாளை மட்டும் இணைக்காதீங்க. பேரும் வேண்டாம். ஆபீசர் கேட்டா மூடின கவர்ல நான் குடுக்குறேன். இதை யாரும் பார்க்கக் கூடாதுங்கறதுதானே நாம கேக்கறதே.”

“செரிமா, செரி” என்றாள் குணசுந்தரி.

செரி என்றாளே தவிர மனசு ஒப்பவில்லை. நல்ல பெண்தான், படித்த பெண்தான், ஆனால் மனுவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? முப்பது வருடம் ஆபீஸ் ஆபீஸாகச் செருப்புத் தேய்ந்தது யாருக்கு? மூடின கவரைத் திறக்கிற அதிகாரியைக் குணசுந்தரி இன்னும் பார்த்ததில்லை. ஆற்றுத் தண்ணியை மூடின பாட்டிலில் வைத்திருந்தால் ஜீப் வந்திருக்குமா? பேரும் இல்லை, தாளும் இல்லை என்றால் எந்தப் பேயைப் பற்றி மனு என்று கேட்பார்கள். அவள் அம்புரோஸையே கூப்பிட்டுக் கேட்டாள்.

“உன்னுதுதான் முயுசா கீது, நாப்பது தாளு. சேத்துக் குத்தட்டுமா?”

அவன் நெற்றித் தடத்தைத் தடவிக்கொண்டான். “அத்த வெச்சி யாருனா எதுனா கண்டுபுடிப்பாங்களாகா?”

“அந்த கம்பெனிக்காரனுக்கே ஒண்ணும் தெர்ல. கம்ப்யூட்டர் மார்க் போடுது, இவனுங்க ஒட்டுறானுங்க. வேற எவனுக்குத் தெரியப் போவுது?”

“அப்பக் குத்துகா” என்று சிரித்தான். “என் மண்டைல இன்னா கீது? களிமண்ணு.”

அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் கவனிக்கத்தான் செய்தாள். கவனித்து என்ன பிரயோஜனம், கை அதற்குள் மெஷினை ஆன் செய்துவிட்டது. இணைப்பு எண் ஒன்று, மெமோக்கள். இரண்டு, மார்க் பட்டியல். மூன்று, அம்புரோஸின் நாற்பது தாள், பெயரும் வயதும் விலாசமும் சேர்த்து. தொழிலாளர் துறை, தொழிற்சாலைப் பாதுகாப்பு, மனித உரிமை ஆணையம், கலெக்டர், இரண்டு பத்திரிகை என்று நகல் பட்டியல் பதினொன்றுக்குப் போனது. கடைசி நகல் கம்பெனிக்கே. எதிராளிக்கும் ஒன்று அனுப்புவதுதான் முறை என்று வைராக்கியமாக அனுப்பினாள்.

மனு வேலை செய்தது. அதுதான் வயிற்றெரிச்சல். அதிகாரி நல்ல மனுஷன், உண்மையிலேயே படித்தார். இந்தப் பட்டையை நம்பலாமா என்று கருத்துக் கேட்டு, மூன்றாம் இணைப்பை ஒரு நரம்பியல் மருத்துவருக்கு அனுப்பினார். டாக்டரும் யோக்கியமானவர். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதினார். முதல் பத்தி: இந்தக் கருவி போடும் கவன மதிப்பெண்ணுக்கு மருத்துவ அடிப்படை இல்லை, இதை வைத்துத் தண்டிப்பது தவறு. இரண்டாம் பத்தி: இணைப்பு எண் மூன்றில் உள்ள நபரின் அலைகளில் சில இடங்களில் கூர்மையான எழுச்சிகள் தெரிகின்றன, இதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது, எனினும் வலிப்பு நோய்க்கான பரிசோதனை செய்வது நல்லது.

மூளையைப் படிக்கும் பட்டையை வாங்கி வைத்திருந்த கம்பெனிக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? மனு அக்கா.

மெமோ கொடுக்கக் கூடாது, மார்க் ஒட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. டாக்டர் எழுதினதையும் பின்னால் குத்தி, கம்பெனிக்கும் ஒரு நகல் போனது. பதினாறு பேர் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். அதே வாரம் அம்புரோஸை வண்டியிலிருந்து இறக்கினார்கள். கூப்பிட்டு உட்கார வைத்து மரியாதையாகவே கேட்டார்களாம், எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்று. அவனுக்குப் பொய் வரவில்லை. சின்ன வயதில் வந்தது, பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது என்றான். லைசென்ஸ் பாரத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறாயே என்றார்கள். உண்மையை மறைத்ததற்காக வேலை நீக்கம். பட்டையோ, அது போகவில்லை. ‘ஒரு பெரிய விபத்தைத் தடுத்த கருவி’ என்று நோட்டீஸ் ஒட்டி, மீதி வண்டிகளுக்கும் மாட்டினார்கள். விபத்தே நடக்காத பத்தொன்பது வருஷத்தைப் பற்றி நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை.

தஸ்னீம் கடைக்கே வந்தாள். சண்டை போடுவாள் என்று குணசுந்தரி எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் தேவலை.

“மூடின கவர்னு சொன்னேனே அக்கா” என்றாள், அவ்வளவுதான். வழக்குப் போடலாம், சிறுவயதில் நின்றுபோனதை வைத்து நீக்க முடியாது, முயற்சி செய்கிறேன் என்றாள். ஜாங்கிரி டப்பா இன்னும் மேசைமேல் திறக்காமல் இருந்தது.

மறுநாள் ஹில்டா வந்தாள், அம்புரோஸின் மனைவி. காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை முடித்து அப்படியே வந்திருந்தாள், கை வெளுத்து ஊறிப்போயிருந்தது. குணசுந்தரி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

“எங்க மாமியா சாவற நேரத்துல என் கையப் புடிச்சிகினு சொன்னாங்க, அவனுக்குச் சின்னதுல அது இருந்துச்சுமா, யாராண்டயும் சொல்லாதன்னு. எங்க அம்மாவாண்டகூட நான் சொன்னதில்ல. பெத்த புள்ளைங்களுக்குத் தெரியாது. கோயில்ல சாமியாராண்ட பாவசங்கீர்த்தனத்துலகூட சொன்னதில்ல, ஏன்னா அது பாவமில்ல, வியாதி.” மூச்சு வாங்கினாள். “நீ பதினோரு எடத்துக்கு ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டியேகா. இன்னிக்கு மார்க்கெட்ல ஒருத்தி என்னாண்ட இரும்புச் சாவி நீட்டுறா. வூட்ல வெச்சுக்க, வந்தா கைல குடுன்னு.”

குணசுந்தரி மன்னிச்சுக்கோ என்று சொல்ல எவ்வளவோ பார்த்தாள், ஸ்டூலைத்தான் இன்னும் கிட்டே நகர்த்த முடிந்தது.

“எனக்கு ஒண்ணும் ஓணாம்” என்றாள் ஹில்டா. “அந்த பதினொண்ணையும் திருப்பி வாங்கிக் குடு.”

கேட்டாளே ஒரு நியாயம்! குணசுந்தரி மறுநாளே கிளம்பினாள். வெயிலில் பஸ் மாறி மாறி ஒவ்வோர் ஆபீஸாக ஏறினாள். பத்திரிகைக்காரர்கள் தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். ஒரு இடத்தில் கோப்பு மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார்கள், இன்னோர் இடத்தில் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டோம், ஏற்றினதை இறக்க வழியில்லை என்றார்கள். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் உள்ளேயே விடவில்லை. கடைசியாக ஒரு குமாஸ்தா, பல வருடம் பழகினவன், பரிதாபப்பட்டு வழி சொன்னான்.

“ஒண்ணும் பேஜாரு இல்லக்கா. மூணாம் இணைப்பைத் திருப்பித் தரச்சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க, மேல வெச்சிடறேன்.”

அங்கேயே நின்று எழுதினாள். நீட்டினாள். அவன் தாளைப் புரட்டினான். மறுபக்கம் காலி.

“எந்த இணைப்புன்னு தெரிய வேணாமா? அதோட நகல் ஒண்ணு சேத்துக் குத்தணுமே. உங்களுக்கு நான் சொல்லணுமாக்கா?”

அவள் அந்த மனுவை வாங்கி நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். வாழ்க்கையில் அவள் கொடுக்காமல் திரும்பி வந்த ஒரே மனு அதுதான்.

மூன்று மாதம் போனது. கேஸ் நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. தஸ்னீம் இப்போது கூட்டம் பேசினால் ஒரு கதை சொல்கிறாளாம், ஊர் பேர் சொல்லாமல், ஆதாரத்தை எப்படிக் கொடுக்கக் கூடாது என்பதற்கு. குணசுந்தரி போய்க் கேட்கவில்லை. கடையில் மனு எழுதுகிறாள்தான், கனம்தான் குறைந்துவிட்டது.

ஒரு காலை, கூட்டமான நேரத்தில், அம்புரோஸ் வந்தான். நெற்றித் தடம் மறைந்திருந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை, கேட் பாஸுக்கு ஆதார் நகல் வேண்டுமாம். மற்றவர்கள் போகும்வரை ஒதுங்கி நின்று, கடைசியாகக் கார்டை நீட்டினான்.

“ஒண்ணு போடுகா.”

“நல்லா கீறியா நைனா?” என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“கீறேன்.”

கார்டைக் கண்ணாடிமேல் வைத்து மூடினாள். வெளிச்சம் ஓடியது. தாள் விழுந்தது. அவன் முன்னால் குனிந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கா, இது உள்ள எதுனா நின்னுக்குமா?”

“எது?”

“இப்ப எடுத்தியே. மிசினு உள்ளயே ஒண்ணு நின்னுக்குமா?”

முப்பது வருடமாக ஜெராக்ஸ் போடுகிறவள். பழைய மெஷினில் நிற்காது. இது புதுசு, மூன்று வருடம்தான் ஆகிறது, இதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் யாரையும் கேட்டதே இல்லை.

“தெர்லபா” என்றாள். உண்மையைச் சொன்னாள்.

அவன் தலையாட்டினான். தானே மூடியைத் தூக்கிக் கார்டை எடுத்தான். காலிக் கண்ணாடியை ஒருதரம் குனிந்து பார்த்தான். அப்போதுதான் அவள் பார்த்தாள், தட்டில் இரண்டாவது தாளும் விழுந்து கிடந்தது. கை பழக்கதோஷத்தில் இரண்டுக்கு அழுத்தியிருக்கிறது.  அதை எடுத்து அவசரமாக மேசைக்கடியில் போடப் போனாள்.

அம்புரோஸ் கையை நீட்டி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டான். இழுக்கவில்லை, கோபமும் இல்லை. அவள் விடும்வரை பிடித்தபடியே நின்றான்.

“அது என்னுதுகா” என்றான்.